நாப்புற்று அறுவைக்குப் பின் தசைமடலால் நாவை மீட்டமைத்தல்: மதுரை வட்டாரத் தமிழ்ப் பேச்சை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நாக்கில் தோன்றும் புற்றுநோயை அறுவையால் அகற்றும்போது நாவின் ஒரு பகுதியோ முழுமையோ இழக்கப்படுகிறது. அவ்விழப்பை மார்பு, முன்கை, தொடை ஆகிய இடங்களிலிருந்து குருதியோட்டத்துடன் எடுக்கப்படும் திசுவைக் கொண்டு ஈடுசெய்யும் முறையே நா மீட்டமைப்பு ஆகும். இக்கட்டுரை அம்முறையின் அடிப்படைகளையும், வகைகளையும், வரம்புகளையும் விளக்குகிறது. அதனுடன், தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் எழுத்துப் பிறப்பு முறையைத் துணையாகக் கொண்டு, நாவின் எப்பகுதி இழக்கப்பட்டால் தமிழின் எவ்வொலிகள் பாதிக்கப்படும் என்பதை வகைப்படுத்துகிறது. மதுரை வட்டாரப் பேச்சு வழக்குக்குப் பொருந்தும் சொல்லிணைகளைக் கொண்டு அறுவைக்கு முன்னும் பின்னும் பேச்சை அளவிட வேண்டும் என்னும் கருத்தையும் முன்வைக்கிறது.

முதன்மைச் சொற்கள்: நாப்புற்று, தசைமடல், மீட்டமைப்பு, பிறப்பியல், மதுரை வழக்கு, விழுங்குதல், பேச்சுப் பயிற்சி

1. முன்னுரை

தமிழில் நா என்னும் சொல் உறுப்பையும் குறிக்கும், பேச்சையும் குறிக்கும். நாவலர், நாநலம், நாவன்மை ஆகிய சொற்களில் உறுப்பும் அதன் தொழிலும் பிரிக்க இயலாதவாறு கலந்து நிற்கின்றன. நாப்புற்று கண்ட ஒருவரிடம் மருத்துவர் அறுவை வேண்டும் என்று கூறும்போது, அவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் உயிரைப் பற்றியதாக இருக்கும். அடுத்த கேள்வி, பேச முடியுமா, சோறு உண்ண முடியுமா என்பதாகும். முதற் கேள்விக்கு நோயின் நிலையைக் கொண்டு விடை கூறலாம். இரண்டாம் கேள்விக்கு விடை கூற, எவ்வளவு நா எஞ்சும், இழந்த இடத்தில் எத்தகைய திசு வைக்கப்படும், எஞ்சிய நா எவ்வளவு அசையும் என்பன தெரிய வேண்டும்.

உலகில் 2020ஆம் ஆண்டில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 3,78,000 பேர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 1,36,000 பேர் இந்தியர் என்றும் குளோபோகேன் மதிப்பீடு கூறுகிறது. அதாவது மூவரில் ஒருவருக்கு மேல் இந்தியர். எனவே, வாய்ப்புற்று அறுவையும் அதன் பின்னான மீட்டமைப்பும் இந்நாட்டிற்குரிய சிக்கல்களாகும். எனினும், நோயாளியும் குடும்பத்தாரும் படித்து அறியத்தக்க வகையில் இப்பொருள் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. அக்குறையை ஒரு சிறிதேனும் நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. மதுரைச் சமவெளியும் நோய்க் காரணமும்

வைகைக் கரையில் மதுரைக்கு அருகிலுள்ள சோழவந்தான், கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்ற ஊர். சோழவந்தான் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வரவேற்பிலும் மங்கல நிகழ்விலும் வெற்றிலைத் தட்டு முதலிடம் பெறும் பண்பாட்டில், வெற்றிலையை நோயோடு சேர்த்துப் பேசுவதற்கு எச்சரிக்கை வேண்டும். வெற்றிலையுடன் சேரும் பொருள்களே இங்குக் கவனிக்கத்தக்கன. புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பது நெடுநாள் அறிந்த உண்மை. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தனித்த நிலையிலும், மாந்தருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதற்பிரிவுப் பொருள்கள் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. 'புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்' என்னும் ஆறுதல் இதனால் நிலைபெறாது போகிறது.

சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை மிகுகிறது. பாக்கிலுள்ள வேதிப்பொருள்கள் மென்சவ்வைத் தாக்குவது எளிதாகிறது. நெடுநாள் பாக்கு மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்பகுதி நார்நாராய் இறுகி, வாய் திறப்பே குறைந்துவிடும் நிலையும் உண்டு. இது தானே புற்றுநோய் அன்று. ஆயினும் புற்றாக மாறும் வாய்ப்புடைய நிலை. அறுவை செய்யும்போதும் வாய் திறவாமை பெரும் இடையூறாகும்.

புகைத்தலும் மதுவும் சேர்ந்தால் இடர் பன்மடங்காகிறது. உடைந்த, கூரிய பல் நாவின் ஓரத்தில் இடைவிடாது உரசும் இடத்தில் புண் தோன்றி ஆறாதிருப்பதும் மருத்துவர் அடிக்கடி காண்பதே. எப்பழக்கமும் இல்லாதவர்க்கும் நாப்புற்று வரலாம் என்பதால், பழக்கம் இல்லை என்ற ஒரே காரணத்தால் புண்ணைப் புறக்கணித்தல் கூடாது. மூன்று வாரத்திற்கு மேல் ஆறாத நாப்புண், தொட்டால் கடினமாகத் தோன்றும் தடிப்பு, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காதுவரை பரவும் வலி, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பதே முறை.

3. நாவின் அமைப்பு

நா எலும்பற்றது, ஏறத்தாழ முழுவதும் தசையால் ஆனது. நடுக்கோட்டின் இருபுறமும் நந்நான்கு அகத்தசைகளும் நந்நான்கு புறத்தசைகளும் உள்ளன. புறத்தசைகள் தாடை, நாவடி எலும்பு, காதின் கீழுள்ள எலும்புமுனை, அண்ணம் ஆகியவற்றிலிருந்து தோன்றி நாவை முன்னும் பின்னும் மேலும் கீழும் இழுக்கின்றன. அகத்தசைகள் நாவின் வடிவத்தை மாற்றுகின்றன. நீர் நிரம்பிய பையை ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடம் புடைப்பது போல, நாவின் கன அளவு மாறாமலே அது நீளவும் குறுகவும் குழியவும் வளையவும் இயலும். யானையின் துதிக்கையும் இவ்வகை உறுப்பே.

அண்ணத்தோடு இணையும் ஒரு தசை நீங்கலாக, ஏனைய தசைகளை இயக்குவது பன்னிரண்டாம் மூளை நரம்பாகிய நாவடி நரம்பு. முன் மூன்றில் இரு பங்கின் தொடுவுணர்வை நா நரம்பு ஏற்கிறது. அப்பகுதியின் சுவையுணர்வு முகநரம்பின் கிளை வழியே செல்கிறது. பின் மூன்றில் ஒரு பங்கின் தொடுவுணர்வும் சுவையும் ஒன்பதாம் நரம்பின் வழியே செல்கின்றன. குருதியை நாத்தமனி தருகிறது.

இவ்வமைப்பை மனத்திற் கொண்டால் மீட்டமைப்பின் அடிப்படை வரம்பு விளங்கும். மார்பிலிருந்தோ கையிலிருந்தோ எடுக்கப்படும் திசு, நாவின் இடத்தை நிரப்பும், நாவாக மாறாது. பதினாறு தசைகள் பின்னிப் பிணைந்து செய்யும் தொழிலை வேறெந்தத் தசையும் செய்ய இயலாது. எஞ்சிய நாவைத் தடையின்றி அசையவிடுவதும், எஞ்சியது போதாதவிடத்து அண்ணத்தை எட்டும் அளவிற்கு ஒரு மேட்டை அமைத்துக் கொடுப்பதுமே மடலின் பணிகள்.

4. அறுவையில் இழப்பது எவ்வளவு

புற்றின் கண்ணுக்குத் தெரியும் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கங்களிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நலமான திசுவைச் சேர்த்து அகற்றுவது நடைமுறை. எனவே இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள புண்ணுக்கு ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள நாப்பகுதி போகும். அகலத்தைப் போலவே ஆழமும் கருதத்தக்கது. 2018 முதல் நடைமுறையிலுள்ள எட்டாம் பதிப்பு நோய்நிலை வகைப்பாடு, புற்று ஊடுருவிய ஆழத்தையும் கணக்கிற் கொள்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத புண்ணாயினும் ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது முதல்நிலையில் அடங்காது.

கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் உடன் அகற்ற வேண்டுமா என்பது நெடுநாள் வினாவாக இருந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு இதற்கு விடை தந்தது. கழுத்தில் கணு தென்படாத தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளிடையே, முன்கூட்டியே கழுத்துக் கணுக்களை அகற்றியவர்களில் 80 விழுக்காட்டினரும், கணு தோன்றிய பின்னரே அகற்றப்பட்டவர்களில் 67.5 விழுக்காட்டினரும் மூன்றாண்டுகள் உயிர்வாழ்ந்தனர் என 2015இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. கழுத்தைத் திறப்பதால் மீட்டமைப்புக்கும் ஒரு வசதி உண்டு: புதிய திசுவின் நாளங்களை இணைப்பதற்குரிய தமனியும் சிரையும் அங்கேயே கிடைக்கின்றன.

நாவின் மூன்றில் ஒரு பங்கிற்கு உட்பட்ட இழப்பாயின் விளிம்புகளை நேராகத் தைத்துவிடலாம். அல்லது தானே ஆற விடலாம். அவ்விடத்து மடல் தேவையில்லை. சில வேளைகளில் மடல் வைப்பதே அசைவைக் கெடுக்கும். பாதி நா, வாயின் அடித்தளம், நாவின் பெரும்பகுதி ஆகியவை போகும்போதே மடல் இன்றியமையாததாகிறது. மடல் இன்றித் தைத்தால் எஞ்சிய நா வாயின் தளத்தோடு கட்டுண்டு அசைவற்றுப் போகும். வாய்க்கும் கழுத்துக்கும் இடையே புழை தோன்றி உமிழ்நீர் கழுத்தில் கசியவும் கூடும்.

5. மடல் என்னும் கருத்து

தோலை மட்டும் சீவி ஒட்டுவது ஒட்டுத்தோல். அது படியும் இடத்திலிருந்து குருதியைப் பெற்றே உயிர் பிழைக்க வேண்டும். தனக்குரிய தமனியையும் சிரையையும் உடன்கொண்டு இடம்பெயரும் திசுவே மடல். மருத்துவமனைகளில் 'ஃபிளாப்' என வழங்குவது இதனையே. உமிழ்நீரும் கிருமிகளும் நிறைந்த வாயில், பின்னர்க் கதிர்வீச்சுக்கும் உள்ளாக வேண்டிய இடத்தில், சொந்தக் குருதியோட்டமுள்ள மடலே நிலைக்கும்.

இக்கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று. கன்னத் தோலைக் கொண்டு மூக்கை அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைத்த இந்திய மருத்துவமுறை பற்றிய செய்தி 1794இல் இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தபின் ஐரோப்பிய அறுவையாளர் அதனைக் கைக்கொண்டனர். தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவையில், 1965இல் பக்காம்சியன் மேல்மார்புத் தோல்மடலை அறிமுகப்படுத்தினார். அதற்குப் பெரும்பாலும் இரண்டு கட்ட அறுவை தேவைப்பட்டது. 1979இல் அரியன் விளக்கிய பெருமார்புத் தசைமடல், ஒரே அறுவையில் புற்றை நீக்கி மீட்டமைப்பையும் முடிக்க வழிவகுத்தது. 1981இல் சீன அறுவையாளர் யாங் குவோஃபான் குழுவினர் முன்கை மடலையும், 1984இல் சோங் குழுவினர் தொடை மடலையும் வெளியிட்டனர். இன்று நாவை மீட்டமைக்கப் பெரிதும் பயன்படுபவை இம்மூன்றுமே.

6. பெருமார்புத் தசைமடல்

மார்பின் முன்புறமுள்ள பெருந்தசைக்குத் தோள்முனை அருகிலிருந்து வரும் தமனியின் மார்புக்கிளை குருதி ஊட்டுகிறது. தோள்முனையிலிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரை ஒரு கோடு வரைந்தால், அந்நாளத்தின் போக்கை ஓரளவு அறியலாம். தசையின் கீழ்ப்பகுதியில் தேவையான அளவு தோலைத் தீவு போல வரைந்து, அத்தோலையும் அடியிலுள்ள தசையையும் நாளத்தோடு பிரித்தெடுத்து, கழுத்துத் தோலின் அடியில் சுரங்கம் அமைத்து வாய்க்குள் கொண்டுவருவர். காம்பு அறுபடாததால் நாளங்களைப் புதிதாக இணைக்க வேண்டியதில்லை.

இதன் சிறப்பு எளிமையில் உள்ளது. நுண்ணோக்கி தேவையில்லை, அறுவை நேரம் குறைவு, ஒரே குழுவே முழுப்பணியையும் செய்யலாம். கழுத்தின் பெருநாளங்களைத் தசைக்காம்பு மூடிக் காப்பதால், கதிர்வீச்சுக்கு உள்ளான கழுத்திற்கு இது பாதுகாப்பாகிறது. அறுவைக்குக் காத்திருப்போர் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் இந்த எளிமை ஒரு வசதி மட்டுமன்று. ஒரே நாளில் இன்னொருவருக்கும் அறுவை மேசை கிடைப்பதற்கு அதுவே வழி.

குறைகளும் உண்டு. மடல் தடித்தது, பாதி நா மட்டும் போன இடத்தில் அதன் பருமன் எஞ்சிய பாதியை அமுக்கும். புவியீர்ப்பால் கீழ்நோக்கி இழுபட்டு, அமைத்த மேடு காலப்போக்கில் தாழும். இயக்க நரம்பு அறுபட்ட தசை மெலியும் என்பதால் பருமன் சில மாதங்களில் குறையும். ஆண்களுக்கு மார்பு மயிர் வாய்க்குள் வளர்வதுண்டு. பெண்களுக்கு மார்பகத்தின் வடிவம் மாறுவதும், இடைப்பட்ட கொழுப்பால் தோலுக்குக் குருதி குறைவதும் உண்டு. தோள் வலிமை ஓரளவு குன்றும். உழவு, சுமை தூக்குதல், கட்டட வேலை செய்வோர்க்கு இதனை முன்கூட்டியே கூற வேண்டும்.

7. முன்கை மடலும் தொடை மடலும்

முன்கையின் உட்புறத் தோல் மெல்லியது, நெகிழ்வுள்ளது. ஆரத் தமனியோடு அதனை எடுத்து, முற்றிலும் துண்டித்து, கழுத்திலுள்ள தமனியோடும் சிரையோடும் நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைப்பர். இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள நாளங்களை மயிரிழையினும் மெல்லிய நூலால் தைக்கும் பணி இது. ஆரத் தமனி இன்றியும் கைக்குக் குருதி போதுமா என்பதை, மணிக்கட்டில் இரு தமனிகளையும் அழுத்திப் பின் ஒன்றை விடுவித்து உள்ளங்கை சிவப்பதைக் காணும் சோதனையால் முன்னரே உறுதி செய்வர். வேலை செய்யும் கையைத் தவிர்த்து மறுகையிலிருந்தே எடுப்பது வழக்கம். 1983இல் கிளாஸ்கோ அறுவையாளர் வாய்க்குள் இதன் பயனை விளக்கிய பின், பாதி நா இழப்புக்கு இதுவே பெரிதும் விரும்பப்படும் மடலாயிற்று. முன்கையின் தோல் நரம்பை நா நரம்போடு இணைத்தால் தொடுவுணர்வு ஓரளவு மீளும்.

தொடையின் முன்பக்க வெளிப்புறத்திலிருந்து எடுக்கும் மடல் கொழுப்பும் தோலும் கொண்டது. வேண்டின் தசையும் சேர்க்கலாம். நாவின் பெரும்பகுதியோ முழுமையோ போகும்போது பருமன் தேவைப்படுவதால் இது ஏற்றது. கொழுப்பு, நரம்பிழந்த தசையைப் போல விரைந்து மெலிவதில்லை. எடுத்த இடத்தின் தழும்பு ஆடைக்குள் மறைந்துவிடும்.

இவ்வகை மடலின் இடர் இணைப்பில் உள்ளது. முதல் மூன்று நாள்களுக்குள் சிரையிலோ தமனியிலோ குருதி உறைந்தால் மடல் கெடும். அதனால் மணிக்கணக்கில் நிறத்தையும் வெம்மையையும் கவனித்து, ஊசியாற் குத்திச் செங்குருதி வருகிறதா என்று பார்ப்பர். நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ உடனே அறுவைக் கூடத்திற்குத் திரும்ப வேண்டும். பயிற்சி பெற்ற மையங்களில் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றி பெறுகின்றன. அவ்வெற்றி அறுவையாளரைப் போலவே இரவுப்பணிச் செவிலியரையும் சார்ந்தது.

சிறு இழப்புகளுக்கு மூக்கோரத் தோல்மடல், கன்ன உட்சவ்வு மடல், தாடையடி மடல் முதலியனவும் பயன்படுகின்றன. தாடையடி மடலை, அங்குள்ள கணுக்களில் புற்று இல்லை என்று உறுதிப்பட்ட பின்னரே எடுக்க வேண்டும்.

8. எதனைத் தேர்வது

எம்மடல் சிறந்தது என்னும் வினாவிற்குப் பொதுவிடை இல்லை. பாதி நா எஞ்சின், மெல்லிய மடல் வேண்டும். எஞ்சிய நா அதனை எளிதில் சுமந்து அசையும். முழு நாவும் போயின், அண்ணத்தை எட்டுமளவு குவிந்த பருமன் வேண்டும். பின்னாளில் மெலியும் என்பதால் சற்று மிகுதியாகவே வைக்க வேண்டும். முழு நா நீக்கத்தில் குரல்வளையைத் தாடையோடு தூக்கிக் கட்டுவது, உணவு மூச்சுக்குழலில் இறங்குவதைக் குறைக்கும்.

நோயாளியின் அகவை, நீரிழிவு, நாளங்களின் நிலை, ஊட்டம் ஆகியன அடுத்து வருவன. காலமும் கருதத்தக்கது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படின் ஆறு வாரத்திற்குள் தொடங்குவது நலம். மடல் கெட்டுப் புண் ஆறாது நின்றால் கதிர்வீச்சு தள்ளிப்போகும். நோய் திரும்ப இடமுண்டாகும். எனவே, நுண் இணைப்பு வசதி முழுமையாக அமையாத இடத்தில் நம்பகமான மார்புத் தசைமடலைத் தேர்வது தாழ்ந்த மருத்துவம் ஆகாது.

மதுரையில், முன்னர் எர்ஸ்கின் மருத்துவமனை என வழங்கி மக்கள் நாவில் பெரியாஸ்பத்திரியாக நிற்கும் அரசு இராசாசி மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் தென்மாவட்டங்களுக்கு உயர்நிலை மருத்துவ மையமாக உள்ளன. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் இங்கு வருகின்றனர். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் அறுவைக்கும் உதவுகிறது. ஆயினும் ஊதியமிழந்து உடனிருக்கும் உறவினர், ஆறு வாரம் நாள்தோறும் கதிர்வீச்சுக்கு வந்துபோகும் பயணம் ஆகியவை காப்பீட்டுக்குள் அடங்காச் சுமைகள்.

9. எழுத்துப் பிறப்பும் நாவிழப்பும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், நாவின் எப்பகுதி வாயின் எவ்விடத்தைப் பொருந்த எவ்வெழுத்து பிறக்கும் என்று வகுத்துரைக்கிறது. அவ்வகுப்பை நாவிழப்போடு பொருத்திப் பார்த்தால் பின்வரும் பகுப்பு கிடைக்கும்.

முதலாவது, அடிநா அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பவை க், ங். இரண்டாவது, இடைநாவால் பிறப்பவை ச், ஞ். ய் ஒலியிலும் இடைநா அண்ணத்தை நோக்கி எழுகிறது. மூன்றாவது, நுனிநாவாலும் நாவிளிம்பாலும் பிறப்பவை ட், ண், த், ந், ற், ன், ர், ழ், ல், ள். நான்காவது, நாவின் தொழில் சிறிதும் வேண்டாது இதழால் பிறப்பவை ப், ம். பல்லும் இதழும் கூடப் பிறப்பது வ்.

ஆக, 18 மெய்களில் 15 மெய்களுக்கு நா வேண்டும். அவற்றுள் பத்து மெய்கள் நாவின் நுனியையும் விளிம்பையும் நம்பியுள்ளன. நாப்புற்று மிகுதியும் தோன்றுவது நாவின் பக்கவிளிம்பிலேயே என்பதால், இப்பகுப்பு நோயாளிக்கு நேரடியாகப் பொருள்படுகிறது. பின்விளிம்பில் புற்று கண்டு நுனி எஞ்சியவர், ல், ள் ஆகியவற்றில் இடர்ப்பட்டாலும் த், ட் ஆகியவற்றை ஓரளவு மீட்பர். நுனி போனவர்க்குப் பத்து மெய்களும் குழம்பும். முழு நாவும் போனவர்க்கு ப், ம், வ் மூன்றும் தெளிவாக நிற்கும். உயிர்களிலும் வேறுபாடு உண்டு: ஆ பெரிதும் பிழைக்கும், உ, ஒ இதழ்க் குவிவால் ஓரளவு பிழைக்கும், நா முன்னெழுந்து உயர வேண்டிய இ, ஈ மிகவும் சிதையும்.

நாமடி, நாநுனி முதலியவற்றின் இழப்புக்கேற்ப நோயாளர் மாற்றுவழி காண்பதும் உண்டு. நுனிநா இன்றித் த், ட் ஒலிக்க முயல்வோர் கீழிதழை மேற்பல்லோடு பொருத்துவர். பயிற்சியாளர் இதனைப் பிழையெனத் தடுக்காது, கேட்போர்க்கு விளங்கும் அளவில் செம்மைப்படுத்த வேண்டும்.

10. மதுரை வழக்குக்கேற்ற பேச்சுச் சோதனை

மேலைமொழிகளுக்கென உருவான பேச்சுச் சோதனைகள் அம்மொழிகளின் ஒலிகளையே அளக்கும். பல்லடி, பல்லுக்கு மேலுள்ள வரம்பு, வளைநா என மூவிடங்களில் நுனிநா தொழிற்படும் தமிழுக்கு அவை போதா. ஆங்கிலச் சோதனையில் நல்ல மதிப்பெண் பெறும் ஒருவர் தமிழில் புலியையும் புளியையும் வேறுபடுத்த இயலாதிருக்கலாம்.

இதற்கு எதிரான ஒரு பிழையும் நேரலாம். ஏட்டுத் தமிழை அளவுகோலாகக் கொண்டு சோதித்தால், நோயால் வாராத வேறுபாட்டை நோயின் விளைவெனக் கருதிவிடக் கூடும். மதுரை வட்டாரத்தில் அன்றாடப் பேச்சில் பலர் ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கின்றனர். காற்று என்பது காத்து என்றும், பார்த்து என்பது பாத்து என்றும் வழங்குகின்றன. ரகர றகர வேறுபாடும் பலரிடம் இல்லை. ஆகவே, வாழைப்பழத்தை ளகரமிட்டுச் சொல்பவரிடம் அறுவைக்குப் பின் ழகரம் கெட்டது என்று எழுதுவது தவறாகும்.

ஒவ்வொருவரின் பேச்சையும் அறுவைக்கு முன் பதிவுசெய்து, அவரது பழைய பேச்சோடே புதிய பேச்சை ஒப்பிடுவது சரியான முறை. அதற்கு, மதுரைப் பேச்சில் உயிரோடுள்ள வேறுபாடுகளைக் கொண்ட எளிய சொல்லிணைகள் போதும். பாக்கு, பாத்து, பாட்டு என்னும் மூன்று சொற்கள் அடிநா, பல்லடி, வளைநா ஆகிய மூன்றையும் ஒருங்கே சோதிக்கும். கத்தி, கட்டி, காது, காடு என்பன தகர டகர வேறுபாட்டையும், புலி, புளி, பல்லி, பள்ளி என்பன லகர ளகர வேறுபாட்டையும், பன்னி, பண்ணி என்பன னகர ணகர வேறுபாட்டையும் காட்டும். தீனி, தேனி என்னும் இணை முன்னுயிர்களின் உயரத்தை அளக்கும். இவற்றைக் கலைத்துச் சொல்லச் செய்து, நோயாளியை அறியாத ஒருவர் கேட்டு எழுத வேண்டும். எத்தனை சொற்கள் சரியாக எழுதப்பட்டன என்பதே விளங்குதிறனின் அளவு. வீட்டார் பழக்கத்தால் புரிந்துகொள்வர் என்பதால் அவர்கள் கேட்பது இவ்வளவீட்டிற்கு உதவாது.

இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு கைப்பேசியே போதும். பல நோயாளர்களிடம் இவ்வாறு பதிவுகள் சேர்ந்தால், எம்மடல் எவ்வொலியை மீட்கிறது என்பதைத் தமிழ்ப் பேச்சைக் கொண்டே ஒப்பிடலாம்.

11. விழுங்குதலும் மறுவாழ்வும்

அறுவைக்குப் பின் சில நாள் கழுத்தில் மூச்சுத்துளையும், மூக்கு வழி உணவுக்குழாயும் இருக்கும். மடல் ஆறிய பின் சிறு மிடறு நீரில் தொடங்கி விழுங்கப் பழக்குவர். நீர் விரைந்து ஓடுவதால் புரையேறும். கூழ், தயிர் கலந்து மசித்த சோறு, பருப்பில் ஊறிய இட்லி ஆகியன எளிதில் கட்டுப்படும். நா உணவைப் பின்தள்ள இயலாதவிடத்துத் தலையைச் சற்றுப் பின்சாய்த்தும், மூச்சை அடக்கி விழுங்கிப் பின் இருமியும் பழகுவர். புரையேறும் நிலையுள்ளவர்க்குத் தலை பின்சாய்த்தல் இடர் தரும் என்பதால், பயிற்சியாளர் சோதித்துக் கூறிய முறையையே கைக்கொள்ள வேண்டும். காய்ச்சலும் உணவுக்குப் பின் தொடரிருமலும் நுரையீரலில் உணவு இறங்குவதன் அறிகுறிகளாகலாம்.

மேட்டின் உயரம் போதாதபோது, பல் மருத்துவர் அண்ணத்தைக் கீழிறக்கும் ஒரு தட்டைச் செய்து தருவார். நா அண்ணத்தை எட்டவில்லை என்றால் அண்ணம் நாவிடம் வருகிறது. செலவு குறைந்த இத்துணைக்கருவி பேச்சையும் விழுங்குதலையும் ஒருங்கே உயர்த்தக் கூடியது. பெரிய அறுவை செய்துகொண்ட பலருக்கு இதைப் பற்றிச் சொல்லப்படுவதே இல்லை.

கதிர்வீச்சால் உமிழ்நீர் குறைந்து பல் சொத்தை மிகும், தாடை இறுகும். வாய் திறக்கும் பயிற்சியும் பற்பராமரிப்பும் வாழ்நாள் முழுதும் வேண்டும். புகையிலையும் பாக்கும் தொடர்ந்தால், எஞ்சிய வாயில் புதிய புற்று தோன்றும்.

12. முடிவுரை

தசைமடல் இழந்த நாவைத் திரும்பத் தருவதில்லை; எஞ்சிய நாவிற்கு இடமும் துணையும் தருகிறது. மெல்லிய மடலா, பருத்த மடலா, காம்புள்ளதா, நாளம் இணைப்பதா என்னும் தேர்வு, இழப்பின் அளவையும் நோயாளியின் உடல்நிலையையும் மையத்தின் வசதியையும் ஒருங்கே கருதி அமைய வேண்டும். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், செவிலியர் ஆகியோர் தொடக்கத்திலேயே கூடிப் பேசுவது இதற்குத் துணைசெய்யும்.

தமிழ் பேசும் நோயாளியின் விளைவைத் தமிழின் ஒலிகளால், அதிலும் அவர் பிறந்து வளர்ந்த வட்டாரத்தின் ஒலிகளால் அளப்பது தமிழாய்வுக்கும் மருத்துவத்திற்கும் பொதுவான பணி. இலக்கண மரபு நாவின் தொழிலை நுணுகி வகுத்துள்ளது. இன்றைய பேச்சுவழக்காய்வு அவ்வகுப்பில் எவை மதுரையில் இன்றும் வழங்குகின்றன என்பதைச் சொல்ல இயலும். அறுவைக்கு முன்னாள் ஐந்து மணித்துளிகள் ஒதுக்கி நோயாளியின் பேச்சைப் பதிவுசெய்வது இவ்விரு துறைகளும் சேர்ந்து தொடங்கத்தக்க முதற்பணியாகும்.